ஜெயிலுக்குப் பின்பக்கம் ஒரு வீடு

ஜனவரி 10

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. போன வருஷத்து டைரியில் மார்ச்சுக்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. இதிலாவது எழுத வேண்டும்.

இன்று வார விடுமுறை. துணியை ஊறப்போட்டுவிட்டு ஏழரை பஸ் பிடித்தேன். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி, அங்கிருந்து பாளையங்கோட்டை. புரோக்கர் லாரன்ஸ் ஸ்டாப்பிலேயே காத்திருந்தார். ஆட்டோக்காரரிடம் தெருப் பேரைச் சொன்னார், அவருக்குப் பிடிபடவில்லை. "ஜெயிலுக்குப் பின்பக்கம்" என்றதும் மறுபேச்சு இல்லாமல் வண்டியைத் திருப்பினார்.

இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் துவைக்கிற கல், மேலே மொட்டைமாடி. தெரு போய் மதிலில் முட்டி நிற்கிறது. லாரன்ஸ் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒளிச்சுப் பேச மாட்டேம்மா. ஜெயில் பக்கம்னு தெரிஞ்சதும் வாரவங்க அப்படியே திரும்பிருதாங்க. அதான் இந்த விலைக்கு நிக்குது" என்றார். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும், பத்திரம் யார் பேரில் என்று மட்டும் கேட்டேன்.

விலை தோது. மகள் வைஷாலியின் காலேஜுக்கு டவுன் பஸ்ஸில் பத்து நிமிஷம். ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியைச் சுற்றி மருந்துக்கடைகள் நிறைய. எனக்கும் வேலை கிடைக்கும். வேறென்ன வேண்டும்.

திரும்பி வரும்போது ஊறிய துணி நாறிவிட்டது. மறுபடி அலசினேன்.

ஜனவரி 11

கடையில் காலாவதி மருந்து பிரிக்கிற வேலை. ஒன்பது மணி நேரம் நின்றேன். கணுக்கால் வீங்கியிருக்கிறது.

ஜனவரி 16

பொங்கலுக்கு வைஷாலி ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தபோது வீட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"பாளையங்கோட்டைல எங்க?"

"ஜெயிலுக்குப் பின்பக்கம்."

கரும்பைத் தட்டில் வைத்துவிட்டாள். "ஊர்ல வேற இடமே இல்லையாம்மா?"

"உனக்குக் காலேஜ் பக்கம். வாடகை வீட்ல எத்தனை வருசம் இருக்க?"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்காமல் விடுகிற பழக்கத்தை என்னிடமிருந்துதான் படித்திருப்பாள். சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாள்.

ஜனவரி 24

வீட்டுக்காரரைப் பார்த்தேன். சவரிமுத்து என்று பெயர். ஜெயிலில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓசூரில் மகன் வீட்டோடு போய்விடப் போகிறார்.

லாரன்ஸ் போனில் பேச வெளியே போன நேரத்தில் என்னை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார். "உங்கள நான் பாத்திருக்கேம்மா. மனு நாள்ல வருவீங்க. பச்சை ஒயர்க்கூடை."

உள்ளே இருக்கிறவர்களைப் பார்க்க எழுதிக் கொடுப்பதைத்தான் அங்கே மனு என்பார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

யார், என்ன கேஸ் என்று அவர் கேட்கவில்லை. மாடிக்குக் கூட்டிப்போய் மதிலுக்கு மேல் தெரிகிற ஓட்டுக்கூரைகளைக் காட்டி, "அது தறி ஓடுற இடம். பகல்ல சத்தம் கேக்கும். ஒரு மாசத்துல பழகிரும்" என்றார். என் தம்பி முத்து தறியில்தான் இருக்கிறான். அதை அவரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 8

வீட்டுக் கடனுக்காக வங்கியில் மூன்றாவது தடவை. படிவத்தில் கணவர் பெயர் என்ற இடத்தில் 'நயினார் (காலமாகிவிட்டார்)' என்று எழுதினேன். எப்படி இறந்தார் என்று அந்தப் பெண் சும்மாதான் கேட்டாள். "திடீர்னு" என்றேன்.

பிப்ரவரி 21

மனு நாள். முத்துவைப் பார்த்தேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். பதினாலு வருஷமாக இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். ரகசியம் என்று ஒன்று அங்கே பேச முடியாது.

வீடு வாங்கப்போவதைச் சொன்னேன். அவனுக்குக் காதில் விழவில்லை. இரண்டாவது தடவை கத்தினேன்.

"இங்க எதுக்குக்கா?"

"நீ வெளிய வந்தா தங்க ஒரு இடம் வேண்டாமா? விடுதலைக்கு மனுப்போட்டிருக்கல்லா, விலாசம் கேப்பாங்க."

முன்விடுதலைக்கு இந்த வருஷம் அவன் பெயரும் போயிருக்கிறது. அவனுக்கு முப்பத்தாறு ஆகிறது. காதோரம் நரைத்துவிட்டது.

"பாப்பாவுக்குச் சம்மதமா?" என்று கேட்டான்.

"சம்மதந்தான்" என்றேன்.

மார்ச் 13

பத்திரம் பதிந்தாயிற்று. காலை பத்து மணிக்குப் போனது, நாலு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். விரல் மையை முந்தானையில் துடைத்துவிட்டேன், போகாது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். படுத்தால் போதும் என்றிருக்கிறது.

ஏப்ரல் 5

குடிவந்தோம். லாரிக்காரர் பீரோவின் ஒரு காலை உடைத்துவிட்டார். செங்கல் வைத்திருக்கிறேன். பால் காய்ச்சியபோது நானும் வைஷாலியும் மட்டும். அவளுக்கு இரண்டு நாள் லீவு.

துணி காயப்போட மாடிக்குப் போனவள் வாளியோடு திரும்பி வந்தாள்.

"அவரு இங்கதான இருக்காரு?"

முத்துவை அவள் மாமா என்று சொல்லுவதில்லை. "ஆமா" என்றேன்.

"நீ போய்ப் பாக்கியா?"

"எப்பமாவது."

"கோயிலுக்குப் போறேன், கோயிலுக்குப் போறேன்னு திருநெல்வேலிக்கு வருவியே, அது?"

அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன்.

"எங்கப்பாவக் கொன்னவரும்மா அவரு" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "அவரு வாரதுக்குத்தான் இந்த வீடு. எனக்கு இல்ல."

துணியை நானே போய்க் காயப்போட்டேன்.

ஏப்ரல் 6

வைஷாலி போய்விட்டாள். பீரோவுக்குத் தச்சரைக் கூப்பிட வேண்டும்.

ஏப்ரல் 15

புதுக் கடையில் சேர்ந்தேன். முதலாளி நல்ல மாதிரி. நிற்கிற இடத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்.

ஏப்ரல் 29

தறிச் சத்தம் கேட்கிறது. சவரிமுத்து சொன்னது போல் பழகத்தான் செய்கிறது. நின்றுவிட்டால்தான் என்னவோ போலிருக்கிறது.

மே 22

கோடை லீவு. வைஷாலி வந்து பதினைந்து நாள் ஆகிறது. சாப்பிடுகிறாள், படிக்கிறாள், மாடிக்கு மட்டும் போவதில்லை.

இன்று காலை நன்னடத்தை அலுவலர் வந்தார். மரகதவல்லி என்று பெயர், ஐம்பது வயதிருக்கும், கையில் குடை. முத்துவை விடலாமா என்று வீட்டில் விசாரித்து அறிக்கை எழுத வந்தவர். இன்றைக்கு வருவார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வைஷாலியை எங்காவது அனுப்பியிருப்பேன்.

மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு இரண்டு படிவத்தை எடுத்து மடியில் வைத்தார்.

"கைதியோட வீட்டாளுங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இறந்தவரோட வீட்டாளுங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வழக்கமா இதுக்கு ரெண்டு ஊருக்கு அலைவேன்." இரண்டு படிவத்தையும் என் பக்கம் திருப்பினார். "இங்க ரெண்டும் நீங்கதான், இல்லையாம்மா?"

"ஆமாங்க."

முதல் படிவத்தில், தம்பியை ஏற்றுக்கொள்வேன், வீடு என் பெயரில் இருக்கிறது என்று சொன்னேன். இரண்டாவதில், ஆட்சேபம் இல்லை என்றேன். எழுதிக்கொண்டார். பிறகு உள் அறை வாசலில் நின்ற வைஷாலியைப் பார்த்தார். "நீ இறந்தவரோட மகள். உனக்கும் வயசு வந்துருச்சு. உன்னையும் கேக்கணும்மா."

"நான் என்ன சொல்லணும்?"

"மனசுல உள்ளதச் சொல்லு."

"தீர்ப்ப நெட்ல படிச்சேன் மேடம். பிளஸ் டூ லீவுல. எங்கப்பா வீட்ல இருந்தாரு. அம்மாவோட தம்பி கயத்தாறுலருந்து பைக்ல வந்து, இரும்புக் கம்பியால அடிச்சிட்டாரு. குடும்பத்துல ஒரு பிரச்சினையும் இல்லைன்னு முதல் சாட்சி சொல்லியிருக்காங்க. எங்கம்மாதான் முதல் சாட்சி." என்னைப் பார்க்காமல் சொன்னாள். "ஒரு பிரச்சினையும் இல்லாத வீட்ல வந்து ஒருத்தரக் கொன்னவர எதுக்கு வெளிய விடணும்?"

மரகதவல்லி பேனாவை எடுக்கவில்லை. "யோசிச்சு எழுத்துல கொடும்மா. ரெண்டு வாரம் வச்சுக்கோ" என்றார். எழுந்து போகும்போது வாசலில் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. எத்தனையோ வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து எழுந்தவர்.

மத்தியானம் வைஷாலி பையை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மே 23

கோர்ட்டில் நான் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

மே 24

மேலே எழுதியதை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.

மே 29

முத்துவிடம் சொன்னேன். அவன் வலையில் நெற்றியை வைத்துக் கேட்டான். கோபப்படவில்லை.

"பாப்பா சொல்லுறது நியாயந்தான. எழுதட்டும். நான் இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வாரேன்."

"நான் அவட்ட சொல்லிரட்டுமா முத்து?"

பக்கத்தில் ஒரு கிழவர் பேரனின் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். முத்து அவர் மூச்சு வாங்க நிறுத்தும்வரை காத்திருந்தான்.

"வேண்டாம்க்கா. அப்பாவப் பத்தி நல்லதா நினைச்சுக்கிட்டு இருக்கா. அந்தப் பிள்ளைட்ட இருக்கது அது ஒண்ணுதான். அதையும் நாம ஏன் பிடுங்கணும்?"

பத்து நிமிஷத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன். இவ்வளவு பக்கத்தில் வீடு வாங்கியிருக்க வேண்டாம். முன்பு பஸ்ஸில் ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருக்கலாம்.

மே 30

கடை. தலைவலி.

மே 31

கடை.

ஜூன் 2

இன்று வைஷாலியைப் பார்த்தேன். பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள். பார்வையாளர் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே ஒரு காற்றாடி. வேறு யாரும் இல்லை. அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

உங்கப்பா என்னை அடிப்பார். கல்யாணமான ஆறாம் மாதத்திலிருந்து. வாரத்துக்கு ஒரு தடவை என்றிருந்தது, கடைசி வருஷத்தில் தினமும் என்றாயிற்று. உன் முன்னால் அடிக்க மாட்டார். பின்கட்டுக்கு இழுத்துப் போய்விடுவார். நீ எழுந்துவிடக் கூடாதென்று நானும் சத்தம் போட மாட்டேன். அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரம். கையை முறுக்கிவிட்டார். நீ பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாய். தெருமுனைக் கடையில் ஒரு ரூபாய் போன் இருந்தது. அதிலிருந்து உன் மாமாவைக் கூப்பிட்டேன். 'என்னால முடியல, வந்து கூட்டிட்டுப் போடா' என்றேன். அவன் தானாக வரவில்லை. நான் கூப்பிட்டேன்.

அவன் வெறுங்கையோடுதான் வந்தான். கம்பியை எடுத்தது உங்கப்பா. என் மேல் விழ வேண்டிய அடியை முத்து பிடித்தான். பிடுங்கினான். ஒரு அடிதான். அவனுக்கு இருபத்திரண்டு வயது.

அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டாள். காற்றாடி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக் என்றது.

"அப்பம் கோர்ட்ல ஏன் சொல்லல?"

"உங்க அப்பா வீட்டாளுங்க சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. அடிச்சாருன்னு சொன்னா செத்தவருக்கு அசிங்கம், மீறிச் சொன்னா பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவோம்னாங்க. நானும் அவங்க வீட்லதான் இருந்தேன். பயந்துட்டேன்."

"சொல்லியிருந்தா?"

"தண்டனை குறைஞ்சிருக்கும்னு அவன் வக்கீல் சொன்னாரு. அஞ்சாறு வருசத்துல வந்திருப்பான்."

"அவருகூடச் சொல்லலையே."

"அக்காவ எதுவும் கேக்காதீங்கன்னு வக்கீல்ட்டச் சொல்லிட்டான்."

"அப்படின்னா எனக்காகத்தான் அவரு இத்தனை வருசம் உள்ள இருக்காரா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. பதினாலு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டது அதுதான். அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை.

"இல்ல. எனக்காக. கேஸ் முடிஞ்சதும் உங்கப்பா வீட்ல யாரும் எட்டிக்கூடப் பாக்கல. அதுக்கப்புறமாவது நான் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லல. உனக்காகன்னு சொல்லிக்கிட்டேன். அது எனக்காகத்தான்."

மணி அடித்தார்கள். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் காற்றாடியை நிறுத்திவிட்டு வந்தேன்.

ஜூன் 4

ஒன்றும் இல்லை. போன் இல்லை.

ஜூன் 5

மரகதவல்லி சொன்ன இரண்டு வாரக் கெடு இன்றைக்கு முடிகிறது.

காலை எட்டு மணிக்கு வைஷாலி வந்து வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. கையில் மடித்த தாள் ஒன்று.

"நான் எழுதிட்டேன். நீயும் எழுது."

"நான் அன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டேனே."

"அது இல்ல. கோர்ட்ல சொல்லாதத எழுது. எங்கிட்ட மட்டும் சொன்னா முடிஞ்சுபோச்சா?"

நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"பயமா இருக்காம்மா?"

"ஆமா."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. எழுது" என்றாள். 

படியில் உட்கார்ந்துதான் எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. அடித்துத் திருத்தியதில் எழுத்து எனக்கே புரியவில்லை. அவள் வாங்கிப் பார்த்துவிட்டு வேறு தாள் கொடுத்தாள். மறுபடி எழுதினேன். கடைக்கு லீவு சொல்லிவிட்டு இருவரும் போனோம். பஸ்ஸில் தனித்தனி சீட்.

மரகதவல்லி இரண்டையும் மேசையில் வைத்து நிதானமாகப் படித்தார். என்னுடையதை இரண்டு தடவை. "சத்தியம் பண்ணிச் சாட்சி சொன்னது வேற, இது வேற. உங்க மேலயே கேள்வி வரலாம். தெரியுமாம்மா?"

"தெரியும்."

"வேண்டாம்னா இப்பவே திருப்பித் தாரேன். நான் பாக்கவே இல்ல."

வைஷாலி என்னைப் பார்க்கவில்லை. சுவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வச்சுக்கோங்க" என்றேன்.

அவள் என்ன எழுதியிருந்தாள் என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்ததும் அவளே சொன்னாள். "விடலாம்னு எழுதல. விட வேண்டாம்னும் எழுதல. எங்கப்பா அடிப்பாருன்னு எனக்குத் தெரியாம வளர்த்துட்டாங்க, அதனால நான் மே மாசம் சொன்னத எடுத்துக்காதீங்கன்னு எழுதியிருக்கேன்."

கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்தாள்.

ஜூன் 26

முத்துவிடம் சொன்னேன். அவன் என் மேல் கோபப்பட்டது இந்தப் பதினாலு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. "உன்ன யாருக்கா சொல்லச் சொன்னா?" என்று வலையைக் குத்தினான். காவலர் அதட்டினார். மீதி நேரம் பேசாமலே நின்றுவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஜூலை 17

முத்து மனுவுக்கு வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வர மாட்டேன் என்கிறான் என்றார்கள். கொண்டுபோன பிஸ்கட்டைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஆகஸ்ட் 11

இன்று ஞாயிறு. வைஷாலி வந்தாள். இட்லி சாப்பிட்டாள். அப்பாவின் போட்டோவைக் கேட்டாள். பெட்டிக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ரொம்ப நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, "இவரு என்னத் தோள்ல தூக்கிட்டுத் தேர் பாக்கக் கூட்டிட்டுப் போனாரு. அது நிஜந்தான?" என்று கேட்டாள்.

"நிஜந்தான்."

போட்டோவைத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 4

மரகதவல்லி போன் செய்தார். அறிக்கை போய்விட்டதாம், எங்கள் தாள்கள் இரண்டும் சேர்ந்து. வருஷக் கடைசியில்தான் முடிவு தெரியும். விடுவார்களா என்று கேட்டேன். "நான் எழுத வேண்டியத எழுதிட்டேம்மா" என்றார். என்னை இன்னும் யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. கூப்பிட்டால் போவேன்.

வைஷாலிக்குப் போன் செய்து சொன்னேன். "அடுத்த மனு எப்பம்?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 18

ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள். ஆதார் அட்டை, ஒரு நகல். வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். மனுவில் 'உறவு' என்ற இடம் வந்ததும் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எழுதினாள். நான் எட்டிப் பார்க்கவில்லை.

போன தடவை வராதவன் இன்றைக்கும் வர மாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்தான், எனக்குப் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தான். வேறு யாருக்கோ வந்த பெண் என்று நினைத்து, அவளுடைய ஆள் வந்து நிற்கட்டும் என்று தள்ளி நின்று இடம் விட்டான்.

"கோவம் போயிருச்சுக்கா. நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றான்.

வைஷாலி இரண்டு கையாலும் வலையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே இருந்த இரைச்சலில் அவளும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"மாமா, நான் வைஷாலி."

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவன் கண் முதலில் அவள் இடுப்பு உயரத்துக்குத் தாழ்ந்து, அன்றைய சின்னப் பிள்ளையைத் தேடியது. பிறகுதான் மெல்ல மேலே வந்து அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும் சட்டென்று திரும்பி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டான்.

நேரம் ஆகிவிட்டது என்று காவலர் சொல்லும்வரை அவன் திரும்பவில்லை. அவளும் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை.